எவன் தொரத்துதான்? - ஓட்டத்தின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

1985-ஆம் வருஷம். நான் பத்தாம் வகுப்பு. தென்காசிக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் குளத்துக்கரை மேல் வெள்ளனவே நாலு பேராக ஓடிக்கொண்டிருந்தோம். சாரல் காலம். ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கிவந்த காற்று முதுகில் தள்ளிக்கொண்டே வந்தது. வயல் பார்க்க வந்த ஊர்க்காரர் ஒருவர் எதிரே வழிமறித்து நின்றார்.

"எதுக்குல ஓடுதிய? எவன் தொரத்துதான்?"

"யாரும் தொரத்தலய்யா. சும்மாதான் ஓடுதோம்."

"சும்மா எவம்ல ஓடுவான்? எவன் தோப்புல தேங்கா களவாண்டுட்டு வாறிய?"

எங்கள் உடம்பில் காக்கி டவுசரைத் தவிர வேறு துணி இல்லை. தேங்காயை எங்கே ஒளிக்க? அதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஓடாம நடந்து போங்கல" என்றார். நடந்தோம். அவர் தலை மறைகிற வரைக்கும் நாலு பேரும் வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனைக்குப் போகிற மாதிரி நடந்தோம்.

நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அவர் முகம் மறந்துவிட்டது. கேள்வி மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஓட்டக்காரர்கள் கூடி ஓடிய வரலாற்றை எழுத உட்காருகிற போதெல்லாம் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. விளையாட்டுக் கழகங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கையில் மினிட் புத்தகம் இருக்கும். தொடங்கிய நாள், முதல் தலைவர், வென்ற கோப்பை, நாற்காலி போட்டு எடுத்த குழுப்படம் இருக்கும். எங்களிடம் இருப்பது இந்தக் கேள்வி ஒன்றுதான். ஆகவே இங்கிருந்தே தொடங்குகிறேன். ஒருத்தன் சும்மா ஓட வேண்டுமானால் அவனுக்கு என்ன வேண்டும்? நல்ல கால் வேண்டும் என்பார்கள். கால் எங்களிடம் எப்போதும் இருந்தது. பாதைதான் எங்களுடையதாக இல்லை.

2

எங்கள் குடும்பத்தில் முதல் ஓட்டக்காரர் என் அம்மாவைப் பெத்த தாத்தா. அவர் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. ஊரில் பெரிய வீடுகளில் சாவு விழுந்தால் கேதம் சொல்லப் போவது எங்கள் தெரு ஆட்களின் மேல் சுமத்தப்பட்ட வேலை. ஆலங்குளம், சுரண்டை, கடையநல்லூர், செங்கோட்டை, புளியரை என்று செத்தவரின் சொந்தக்காரர்கள் எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ அங்கெல்லாம் பிணம் எடுப்பதற்குள் செய்தி போய்ச் சேர வேண்டும். பஸ் இல்லாத காலம். இருந்தாலும் ராத்திரியில் ஏது பஸ்? தென்னோலைச் சூட்டைக் கொளுத்திக்கொண்டு தாத்தா ஓடியிருக்கிறார். ஒரே ராத்திரியில் புளியரைக்குப் போய்த் திரும்பியதாகச் சொல்வார். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும்.

அவர் என்னிடம் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன்:

"போன வீட்டு வாசல்ல நிக்கப்படாதுல. தெரு முக்குல நின்னு, தலைத்துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சிக்கிட்டு, 'சாமி, இன்ன ஊர்ல இன்னார் தவறிப்போனாக, நாள மத்தியானம் எடுக்காக'ன்னு சத்தங் குடுக்கணும். அவுக காதுல விழுந்துதா இல்லையான்னு நமக்குத் தெரியாது. விழலன்னு வையி, அதுக்கும் நம்மளத்தான் அடிப்பாக. ஒரு தடவ நான் சொல்லிட்டு வந்தும் அவுக வரல. பொணத்த எடுத்துட்டாக. மறுநா என்னயப் புளிய மரத்துல கட்டிவச்சிட்டாக."

இதற்குக் கூலி என்று தனியாக எதுவும் கிடையாது. அன்றைக்கு ஒரு வாய்க் கஞ்சி, கொஞ்சம் வெற்றிலை பாக்கு, அறுப்பில் களத்து நெல்லில் ஒரு பங்கு. ஊர் வழக்கத்தில் அதற்கு 'சுதந்திரம்' என்று பெயர்! அடிமை வேலைக்குக் கொடுத்த நெல்லுக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த மொழி நம்முடைய மொழி.

உலகம் முழுக்க இன்று ஓடுகிற மாரத்தான் ஓட்டமும் ஒரு செய்திக்காரன் பெயரால்தான் ஓடுகிறது. கிரேக்கத்தில் போர்க்களத்திலிருந்து வெற்றிச் செய்தியைக் கொண்டு ஓடிவந்து, சொல்லி முடித்ததும் விழுந்து செத்தான் என்று ஒரு கதை. அந்தக் கதைக்காக 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் ஒரு பந்தயத்தையே உண்டாக்கினார்கள். இப்போது அதன் தூரம் 42.195 கிலோமீட்டர். அவர்களுடைய செய்திக்காரன் வீரன் ஆனான். எங்கள் செய்திக்காரர்கள் தெரு முக்கில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. யார் ஏவி ஓடினான், போய்ச் சேர்ந்த இடத்தில் அவனை எங்கே நிறுத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

3

தாத்தா ஓடிய பாதையில் செங்கோட்டையும் புளியரையும் அப்போது வேறு ராஜ்ஜியம். 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேரும்வரை அவை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தன. தென்காசியும் குற்றாலமும் வெள்ளைக்காரனின் சென்னை மாகாணம். எட்டு கிலோமீட்டரில் இரண்டு ஆட்சி. ஆகையால் தாத்தா தமக்குத் தெரியாமலேயே ஓர் எல்லையை ஓடிக் கடந்திருக்கிறார்.

அந்தப் பக்கத்தில் திருவிதாங்கூருக்கென்று தனித் தபால் உண்டு. 'அஞ்சல்' என்று பேர். 1951-இல்தான் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அஞ்சலோட்டக்காரன் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். மணிச்சத்தம் கேட்டால் எதிரே வருகிறவர்கள் வழிவிட வேண்டும். அரசாங்கத்துச் செய்தி அல்லவா! இதைத்தான் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். செய்திக்கு வழி விட்டது சமூகம். மணி கட்டிய கோலுக்கு வழி விட்டது. அதே ராஜ்ஜியத்தில் மனுசனுக்கு வழி இல்லை. புலையர்கள் பொதுச் சாலையில் நடக்கக்கூடாது என்றிருந்த காலத்தில், 1893-இல் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, தலைப்பாகை கட்டிக்கொண்டு அந்தச் சாலையிலேயே போனார். அடி விழுந்தது, திருப்பி அடித்தார்கள். அய்யன்காளியின் வண்டியிலும் மணி கட்டியிருந்தது என்பார்கள். அரசன் கொடுத்த மணி அல்ல, தாமே கட்டிய மணி.

1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மகாராஜா கோயில் நுழைவுப் பிரகடனம் செய்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் செங்கோட்டையில் அரசுக் கோயில் வாசல் திறந்தது. இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்கு வழிசெய்யும் சட்டம் 1939-இல்தான் வந்தது. எல்லாக் கோயில்களுக்கும் பொருந்துகிற சட்டம் வர 1947 ஆயிற்று. குற்றாலத்தில் அருவிக்குப் போவதும் கோயிலை ஒட்டிய விஷயம்தான். 1934-இல் அரிசன யாத்திரையில் குற்றாலம் வந்த காந்தி, தீண்டப்படாதவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை என்று கேட்டு அருவியில் குளிக்காமல் போனார். அதை இன்றைக்கும் எழுதுகிறார்கள், எழுதட்டும். காந்தி ஒரு நாள் குளிக்காமல் போனது வரலாறு ஆகிவிட்டது. நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிக்காமல் இருந்தது வெறும் வழக்கம் ஆகிவிட்டது. வானத்திலிருந்து விழுகிற தண்ணீர். காடு கொடுக்கிற தண்ணீர். அதற்கும் பாதை அவர்கள் கையில்.

பாதை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது உவமை அல்ல. மண் பாதையைச் சொல்கிறேன்.

4

அதே 1936-ஐ இன்னும் கொஞ்சம் பார்ப்போம். அந்த வருஷம் லாகூரில் அம்பேத்கர் பேசவிருந்த உரையை, கூப்பிட்டவர்களே வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அவர் அதைத் தம் செலவில் அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. ஆகஸ்டில் ஹிட்லரின் பெர்லினில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்ற கறுப்பர் நான்கு தங்கம் வென்றார். இவை பலருக்கும் தெரியும். அதிகம் தெரியாத ஒன்றும் அந்த வருஷம் நடந்தது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பர்கள் சிலர் கூடி ஓர் ஓட்டக் கழகம் தொடங்கினார்கள். 'நியூயார்க் பயனியர் கிளப்' என்று பெயர். ஜோசப் யான்ஸி அதன் முக்கியப் பயிற்சியாளர். வெள்ளையர்களின் கழகங்கள் கறுப்பர்களைச் சேர்க்காத காலம் அது. பிறகு இந்தக் கழகம் தன் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவிட்டது. ஒதுக்கப்பட்டவர்கள் தொடங்கிய கழகம் யாரையும் ஒதுக்கவில்லை.

அந்தக் கழகத்தில் ஓடியவர்களில் ஒருவர் டெட் கார்பிட். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன். கல்லூரியில் படிக்கும்போது, கறுப்பனோடு ஓட மாட்டோம் என்று வெள்ளை மாணவர்கள் மறுத்த போட்டிகளில் அவர் ஓட முடியாமல் போயிருக்கிறது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மாரத்தான் ஓடினார். ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய முதல் அமெரிக்கக் கறுப்பர் அவர்தான். 1958-இல் நியூயார்க்கில் சாலை ஓட்டக்காரர்களின் சங்கம் தொடங்கியபோது அவர்தான் முதல் தலைவர். இன்றைக்கு ஐம்பதாயிரம் பேர் ஓடுகிற நியூயார்க் மாரத்தானை நடத்துவது அந்தச் சங்கம்தான்.

அவர் செய்த இன்னொரு காரியம் சாலையை அளந்தது. 'இது இத்தனை மைல்' என்று யாரோ சொன்னதை நம்பி ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சைக்கிள் சக்கரத்தின் சுற்றை எண்ணிச் சாலையைச் சரியாக அளக்கிற முறையை அமெரிக்காவில் நிலைநிறுத்தியவர் அவர். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

5

1985-இல் குளத்துக்கரையில் நடக்க வைக்கப்பட்ட நாங்கள் நாலு பேரும் மறுநாளும் போனோம். நேரத்தை மாத்திக்கிட்டோம். அவர் வயலுக்கு வருகிறதுக்கு முன்னாடி, நாலரை மணிக்கு. எங்களுக்கு வாட்ச் கிடையாது. கொல்லம் போகிற ரயில் சத்தம்தான் கணக்கு. 1904-இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை. அந்த வண்டி எங்களுக்கு நேரம் சொல்லிற்று.

தூரம் தெரிய வேண்டுமே! கூட ஓடியவனின் அண்ணன் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை சைக்கிளை எடுத்து, முன் சக்கரத்துக் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டி, ஒருத்தன் தள்ள மற்றவர்கள் எண்ணிக்கொண்டே போனோம். நூலால் சக்கரத்தைச் சுற்றி அளந்து பார்த்ததில் 450 சுற்று ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. 450-க்கு ஒரு கல் நட்டோம். மறுகால் ஓடையைத் தாண்டி நாலாவது கல். எங்களில் நன்றாக ஓடுகிறவன் அந்த நாலு கல்லை எத்தனை நிமிஷத்தில் தொடுகிறான் என்று பக்கத்துச் சர்ச்சில் மணி அடிக்கிற நேரத்தை வைத்துப் பார்ப்போம். டெட் கார்பிட் என்று ஒருவர் இருந்தார் என்பது எங்களுக்கு அப்போது எப்படித் தெரியும்? அவரும் நாங்களும் ஒரே வேலையைச் செய்திருக்கிறோம். நமக்கென்று அளந்து கொடுக்க யாரும் வராதபோது நாமே அளந்துகொள்கிறோம்.

பாளையங்கோட்டையில் மாவட்டப் போட்டிக்கு எங்களில் இருவர் போனோம். 1500 மீட்டர். அதுவரை வட்டமான ஓடுபாதையை நாங்கள் பார்த்ததே இல்லை. எங்கள் பாதை நேராகப் போகும், நேராகத் திரும்பும். வளைவில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் வெளிச்சுற்றிலேயே ஓடி, கூடுதல் தூரம் ஓடித் தோற்றோம். பள்ளியில் கூட்டிப்போன வாத்தியார் "உங்களுக்கு ஓடத்தாம்ல தெரியும், பந்தயம் தெரியாது" என்றார். அவர் கேலியாகச் சொன்னார். இப்போது நினைத்தால் அது ஒரு சரியான சமூகவியல் வாக்கியம்.

1990-91 அம்பேத்கர் நூற்றாண்டு. தெருவுக்குத் தெரு மன்றம் தொடங்கிய காலம். எங்கள் தெருவிலும் இரவுப் பாடசாலையோடு சேர்த்து ஓட்டக் குழுவையும் ஒரு கழகமாகப் பதிவு செய்யலாம் என்று பேச்சு வந்தது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் வேண்டும். சட்டதிட்டம் எழுத வேண்டும், அலுவலக முகவரி கொடுக்க வேண்டும். ஏழு பேர் சேர்ந்தார்கள். முகவரிக்கு எங்கள் வீட்டுக் கதவிலக்கம் கொடுத்தோம். பெயரில்தான் சண்டை. தலைவர் பெயரை வைத்தால் ஊர்ப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள் என்றார்கள் பெரியவர்கள். வைக்காவிட்டால் அப்புறம் எதுக்குக் கழகம் என்றோம் நாங்கள். எங்கள் பக்கத்தில் பனியன் நிறத்தைப் பார்த்தே எந்தத் தெருக்காரன் என்று சொல்லிவிடுவார்கள். பெயர் இல்லாவிட்டாலும் நாங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் எங்கள் வாதம். சண்டை முடிவதற்குள் ஏழு பேரில் ரெண்டு பேர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தன் கேரளாவுக்குப் போனான். ஏழு நாலாகிவிட்டது. பழைய நாலு பேர் இல்லை, வேறு நாலு பேர்.

இதுதான் எங்கள் கழகத்தின் வரலாறு. பதிவு எண் இல்லை. முத்திரை இல்லை. நாலு கல் மட்டும் இருந்தது. 1990-களின் கடைசியில் கரையைச் செப்பனிட்டபோது அதுவும் போய்விட்டது.

6

ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறவன் 1999 ஜூலை 23-ஐ விட்டுவிட்டு எழுத முடியாது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் கிடந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்தது. ஒரு பக்கம் லத்தி, ஒரு பக்கம் தாமிரபரணி. ஜனங்கள் ஆற்றுக்குள் ஓடினார்கள். 17 பேர் செத்தார்கள். பெண்கள் உண்டு, ஒரு கைக்குழந்தையும் உண்டு. குளத்துக்கரையில் அன்று எங்களைப் பார்த்து "எவன் தொரத்துதான்" என்று கேட்டாரே, அதற்கு விடை அன்றைக்குக் கிடைத்தது. அன்று துரத்தியது அரசு.

இதுவரைக்கும் சொன்னது ஏவல் ஓட்டம், தப்பி ஓட்டம். 'சும்மா ஓட்டம்' எங்கே? நம்மில் ஒருத்தி தனக்காக ஓடினால் என்ன ஆகும்? அதற்கு நான் தென்காசியைவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏனென்றால் எங்கள் நாலு கல் கழகம் செய்ய முடியாததை ஒரு தலித் பெண் அங்கே செய்து காட்டினார்.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. சாந்தி சௌந்தரராஜன். அப்பா அம்மா இருவரும் செங்கல் சூளைக் கூலிகள். அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. ஊருக்கு வெளியே திறந்த மண்தரையில் பேத்தியை ஓடவைத்தார். முதல் ஜோடி ஷூவை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். தாத்தாக்கள் நம் வரலாற்றில் எங்கே போனாலும் வருகிறார்கள், கவனியுங்கள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். அடுத்த சில நாளில் அவரைப் பாலினச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். முடிவு ஊடகங்களில் வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றி நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பேசினார்கள். அந்த உடம்பு பட்ட சூளைச் சூட்டைப் பற்றி அதுவரைக்கும் ஒருத்தரும் பேசியதில்லை. அவர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு, 2009-இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யாவுக்கும் இதே நடந்தது. அவருக்குப் பின்னால் அவருடைய நாடே நின்றது. அரசாங்கம் கண்டித்தது. தங்கப் பதக்கம் அவரிடமே இருந்தது; அடுத்த வருஷம் திரும்பவும் ஓட வந்தார். சாந்திக்குப் பின்னால் யார் நின்றார்கள்? இந்திய விளையாட்டு அமைப்புகள் விலகிக்கொண்டன. 2015-இல் ஒடிசாவின் தூத்தி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் போராடி அந்த விதியை நிறுத்திவைக்கச் செய்தார். அந்த வெற்றி சாந்தியின் பதக்கத்தைத் திருப்பித் தரவில்லை. 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் உலகப் போட்டிகளில் ஓட மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு மறுபடியும் விதி கொண்டுவந்திருக்கிறது. வாசலில் நிறுத்தி "நீ யார்" என்று கேட்கிற வழக்கம் கோயிலோடு முடிந்துவிடவில்லை.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. அப்போதைய முதல்வர் கருணாநிதி, பதக்கம் போன பிறகும், சாந்திக்குப் பதினைந்து லட்சம் ரூபாய் கொடுத்தார். இவ்வளவு பட்ட ஒருவர் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவர் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சிக் கூடம் தொடங்கினார். 2009 வாக்கில் 68 பேர் அங்கே ஓடினார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய பிள்ளைகள் முதல் இடமும் மூன்றாம் இடமும் பெற்றார்கள். ஓடவிடாமல் தடுக்கப்பட்டவர் 136 கால்களோடு திரும்பி வந்தார்.

அந்தக் கூடம் நீடிக்கவில்லை. தனி ஒருத்தியின் கைக்காசில் எத்தனை காலம் ஓடும்? 2012-இல் அவர் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை பார்ப்பதாகச் செய்தி வந்து, அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. பயிற்சியாளர் படிப்பும், பின்னாளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தன. போராடித்தான் கிடைத்தன.

இதே புதுக்கோட்டையிலிருந்து உள்ளூர்ப் பயிற்சியாளர் லோகநாதனிடம் பழகிய லட்சுமணன் 2017 ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் அதே இரண்டு தூரங்களில் தங்கம் வென்றார். பெரிய மைதானமும் கம்பெனிப் பணமும் இருக்கிற நகரத்திலிருந்து அல்ல, ஒரு வறண்ட மாவட்டத்திலிருந்து. தனி ஆளின் திறமையைவிட, அவரைத் தினமும் காலையில் எழுப்பி ஓடவைக்கவும் விழுந்தால் தூக்கவும் ஒரு கூட்டம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கழகம் என்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் அதுதான். பெயர்ப்பலகையும் முத்திரையும் அதற்கு அப்புறம்.

7

2020 பிப்ரவரி 23. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். அகமது ஆர்பரி என்ற 25 வயதுக் கறுப்பு இளைஞர் ஒரு வெள்ளையர் குடியிருப்புச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். திருடன் என்று சொல்லி வண்டியில் துரத்திப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை. சும்மா ஓடிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குக் குளத்துக்கரை ஞாபகம் வந்தது. "சும்மா எவம்ல ஓடுவான்?" என்ற கேள்வியை அங்கே துப்பாக்கியால் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு 2022-இல் தண்டனை கிடைத்தது.

இங்கே? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பரீட்சைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒரு தலித் மாணவனைக் கீழே இழுத்து வெட்டினார்கள். கை விரல்கள் துண்டாகிவிட்டன. கபடியில் தங்களைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். விளையாட்டு சாதியை ஒழித்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பையனிடம் போய் அதைச் சொல்லட்டும். விளையாட்டு தானாக எதையும் ஒழிக்காது. நாம் தோற்கிறவரைக்கும்தான் அது விளையாட்டு. ஜெயித்தால் அது குற்றம் என்கிற இடத்தில் நாம் இருக்கிறோம். அப்படியானால் விளையாட வேண்டாமா? வேண்டும். ஆனால் தனியாகப் போகக்கூடாது. கூட்டமாகப் போக வேண்டும். கூடப் போகிறவர்களில் ஒரு வழக்கறிஞரும் இருக்க வேண்டும், எழுதுகிறவரும் இருக்க வேண்டும்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆயிற்று. இப்போது குற்றாலம் சாலையில் காலையில் நல்ல ஷூவும் கைக்கடிகாரமும் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். வங்கி அதிகாரிகள், டாக்டர்கள், வாத்தியார்கள். நல்ல காரியம்தான். அவர்களை யாரும் நிறுத்தி "எவன் தொரத்துதான்" என்று கேட்பதில்லை. சர்க்கரை வியாதி துரத்துகிறது என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

என் தங்கச்சி மகள் பதினொன்றாம் வகுப்பு. அதே குளத்துக்கரையில் அவளும் ஏழெட்டுப் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். போன மாதம் ஒருத்தர் நிறுத்திக் கேட்டாராம், "பொட்டப்பிள்ளைய எதுக்கு இப்படி ஓடுதிய?" என்று. ஊருக்கு வயசாகிறது, கேள்விக்கு வயசாகவில்லை. நீ என்ன சொன்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல மாமா. நிக்கவே இல்ல. நின்னா டைம் போயிரும்லா."

அவர்களிடம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தேதி, வந்தவர் பேர், தூரம், நேரம். யார் எங்கே நிறுத்தினார்கள் என்பதற்கும் ஒரு பத்தி போட்டுக் கொடுத்தேன். அது எதுக்கு என்று கேட்டாள். எங்கள் காலத்தில் அதை எழுதி வைக்காமல் விட்டுவிட்டோம் என்றேன். தோழர்களே, உங்கள் தெருவிலும் கேதம் சொல்ல ஓடிய தாத்தா இருப்பார். பெயர் வைக்காமலே கலைந்துபோன ஒரு கழகம் இருக்கும். தாத்தா உயிரோடு இருந்தால் இன்றைக்கே போய் உட்கார்ந்து கேளுங்கள், எத்தனை ஊர், எத்தனை மைல், எந்த முக்கில் நிறுத்தினார்கள் என்று. அவர் பேச்சிலேயே எழுதுங்கள். தூரத்தை மட்டும் சரியாக அளந்துவிடுங்கள். சைக்கிள் இருந்தால் போதும்.